பம்பைக் கழற்றும் முன்: பழைய ஜீப் வைத்திருப்போருக்கும் பழுதுபார்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர், திண்டுக்கல் வட்டாரங்களில் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்புகளை இன்றும் ஓட்டிவரும் உரிமையாளர்களுக்கும், ஓட்டுநர்களுக்கும், அவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்கும்,



ஓடாமல் நின்ற ஜீப்பின் எரிபொருள் பம்பைக் கழற்றுவதற்கு முன், டேங்கிலிருந்து அந்தப் பம்ப் வரையுள்ள பாதை முழுவதையும் சோதித்துவிட வேண்டும் என்னும் ஒரே வேண்டுகோளுக்காக இம்மடல் எழுதப்படுகிறது. சிறுமலைக்குச் சுமையேற்றிச் செல்லும் வண்டி அம்மலைப்பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுள் ஏதேனும் ஒன்றில் இழுவை குன்றி நின்றாலும், அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டிய வண்டி எவ்வளவு செல்ஃப் அடித்தும் கிளம்பாமல் போனாலும், முதலில் பழி விழுவது பம்பின் மேல். முதலில் ஸ்பானர் படுவதும் அதன் மேல்தான். பம்ப் வெளியூர் டெஸ்ட் பெஞ்சுக்குப் போய், பிரிக்கப்பட்டு, சீல்கள் மாற்றப்பட்டுத் திரும்பி வந்து பூட்டப்பட்ட பிறகும் கோளாறு அப்படியே நிற்பதும், கடைசியில் அது வெடிப்பு விட்ட ஒரு ரப்பர் ஹோஸிலோ தளர்ந்துபோன ஒரு கிளிப்பிலோ இருந்தது என்று தெரியவருவதும் பட்டறைகளுக்குப் புதிய செய்தி இல்லை. அச்செலவு முழுவதும் வீண். அதைவிடப் பெரிய இழப்பு, நன்றாக இருந்த ஒரு பம்ப் தேவையில்லாமல் திறக்கப்பட்டதாகும்.

இங்கே கருதப்படும் வண்டிகள் எவை என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. 1945-இல் தொடங்கப்பட்டு 1947 முதல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், பெட்ரோலில் ஓடிய அவ்வண்டிகளைப் பிற்காலத்தில் டீசலுக்கு மாற்றியபோது, டிராக்டர் எஞ்சின் வழிவந்த டீசல் எஞ்சின்களையும் பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான டீசல் எஞ்சின்களையும் பொருத்தியது. எம்.எம்.540, மேஜர், கமாண்டர், அர்மடா, தொடக்க காலப் பொலேரோ ஆகியவை இவ்வகைப்பட்டவை. 1985-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மாருதி ஜிப்சி பெட்ரோல் வண்டியாதலால் அதன் எரிபொருள் அமைப்பு வேறு. அதைப் பற்றிப் பின்னர்த் தனியே கூறப்படும். எஞ்சினின் ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் பகிரும் அமைப்பு எரிபொருள் பாதையோடு நேரடித் தொடர்பு உடையதன்று எனினும், அந்த அமைப்பின் துணையால் வண்டி செல்லும் இடங்கள் அப்பாதையைக் கடுமையாகச் சோதிக்கின்றன. செங்குத்தான ஏற்றத்தில் டேங்க் சாய்கிறது, கல்தடத்தில் குழாய்கள் சேசிஸோடு உராய்கின்றன, ஓடையைக் கடக்கையில் டேங்கின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறுகிறது, லோ கியரில் நெடுநேரம் முழுச் சுமையோடு ஊர்ந்து செல்கையில் எஞ்சினுக்குத் தடையற்ற எரிபொருள் வேண்டியிருக்கிறது. சமவெளியில் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டியில் ஆண்டுக்கணக்கில் வெளிப்படாத ஒரு சிறு குறை, மலையடிவாரம் தாண்டியதும் வெளிப்பட்டுவிடுவதற்குக் காரணம் இதுவே.

பழைய டீசல் வண்டியில் எரிபொருள் பம்ப் எனப்படுபவை இரண்டு. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாகத் தள்ளிவிடும் சிறிய பம்ப், ஃபீடு பம்ப் எனப்படுகிறது. அதன் அழுத்தம் ஓரிரு பார் அளவிலேயே இருக்கும், பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான அலகு. ஃபில்டரைத் தாண்டி வந்த டீசலை அளந்து, நேரம் பார்த்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நாசிலுக்கு நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் அனுப்புவது உட்செலுத்து பம்ப். இதைத்தான் பட்டறைகளில் எஃப்.ஐ. பம்ப் என்றும், மைக்கோ பம்ப் என்றும் சொல்கின்றனர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இத்தகைய பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது 1927-இல்; அதன் இந்தியக் கிளையாக 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ 2008-இல் பாஷ் என்றே பெயர் மாற்றப்பட்ட பின்னும், பழைய பெயர் மெக்கானிக்குகளின் வாயில் நிலைத்திருக்கிறது. உட்செலுத்து பம்பினுள் மேலும் கீழும் இயங்கும் பிளஞ்சர் என்னும் தண்டுக்கும் அது நுழைந்திருக்கும் பேரல் என்னும் உறைக்கும் இடையேயுள்ள வெளி சில மைக்ரான்களே, அதாவது மனிதத் தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு நுண்ணிய பொருத்தமுடைய கருவியைப் புழுதி பறக்கும் பட்டறை மேசையில் ஐயத்தின் பேரில் பிரித்துப் பார்ப்பது, நோயை உறுதி செய்யாமல் கத்தி வைப்பதற்கு ஒப்பாகும்.

உட்செலுத்து பம்பிலும் இரு வகைகள் உண்டு என்பதை உரிமையாளர் அறிந்திருத்தல் அவசியம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் வீதம் வரிசையாக அமைந்த இன்லைன் பம்பில் அடிப்பகுதியிலுள்ள கேம் தண்டு எஞ்சின் ஆயிலில் இயங்குகிறது. ஒரே தலைப்பகுதி எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசலைப் பகிர்ந்தளிக்கும் ரோட்டரி பம்பில், உள்ளே இயங்கும் உறுப்புகள் அனைத்துக்கும் டீசலே உயவுப் பொருள். ஆகவே டேங்க் காலியாகி வெறுங்காற்றில் சுழல்வதும், தண்ணீர் கலந்த டீசல் உள்ளே புகுவதும் ரோட்டரி பம்பை இன்லைன் பம்பைவிட மிக விரைவாக அரித்துவிடுகின்றன. தன் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரியாத உரிமையாளர், பம்பிலிருந்து வெளியேறும் எஃகுக் குழாய்கள் ஒரே நேர்வரிசையில் நிற்கின்றனவா அல்லது ஒரு வட்டத்தைச் சுற்றி அமைந்துள்ளனவா என்று பானட்டைத் திறந்து பார்த்தாலே போதும்.

கோளாறு எப்போது தோன்றுகிறது என்பதை ஓட்டுநர் சரியாகச் சொன்னால் பாதி ஆய்வு முடிந்ததாகக் கொள்ளலாம். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் மட்டும் கிளம்ப மறுத்து, ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடுமானால், நின்ற நேரத்தில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது என்று பொருள். நன்றாகக் கிளம்பிச் சில கிலோமீட்டர் ஓடி நின்று, சற்று நேரம் கழித்துத் தானே கிளம்புமானால், டேங்க் மூடியின் காற்றுத்துளையோ டேங்கினுள் உள்ள சல்லடையோ அடைபட்டிருக்கும் வாய்ப்பே மிகுதி. சமதளத்தில் குறையின்றி ஓடி ஏற்றத்தில் மட்டும் இழுவை குன்றுமானால் ஃபில்டர் அடைப்பும் ஃபீடு பம்பின் தளர்ச்சியும் முதலில் ஐயத்துக்குரியவை. குளிர்ந்திருக்கையில் உடனே கிளம்பி, நன்கு சூடேறியபின் நிறுத்தினால் மட்டும் மீண்டும் கிளம்ப மறுக்கும் வண்டியில்தான், அதிலும் ரோட்டரி பம்ப் உள்ள வண்டியில்தான், உட்செலுத்து பம்பின் தேய்மானத்தை முதலில் கருத வேண்டும். ‘வண்டி இழுக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொற்றொடரோடு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் உரிமையாளர், மெக்கானிக்கை ஊகத்தின் வழியில் தள்ளுகிறார்.

சைலன்சர் புகையும் ஒரு சான்று. செல்ஃப் அடிக்கும்போது புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் சேரவில்லை. வெள்ளைப்புகை வந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் டீசல் சேர்கிறது, ஆனால் எரியவில்லை, எனவே ஹீட்டர் பிளக், டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றின் பக்கம் பார்வை திரும்ப வேண்டும். கரும்புகை வருமானால் டீசல் போதாமை என்ற பேச்சுக்கே இடமில்லை, காற்று போதவில்லை அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. இவற்றுள் முதலாவது நிலையில் மட்டுமே கீழே விவரிக்கப்படும் பாதைச் சோதனை முழுமையாகத் தேவைப்படுகிறது.

சோதனை டேங்கில் தொடங்க வேண்டும். எஞ்சின் தடுமாறும் அந்நேரத்தில் டேங்க் மூடியைத் திறக்கையில் காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன்பின் எஞ்சின் சீராகுமானால், காற்றுத்துளை அடைபட்டதே காரணம். கோடைக்காலப் புழுதியும் குளவிக் கூட்டின் மண்ணும் இதற்குப் போதுமானவை. அடுத்து, டேங்கின் அடிப்பகுதி டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் சிறிது நேரம் வைத்தால், தண்ணீர் கீழே தனிப்படலமாகத் தங்குவதையும் துரு செந்நிறத் தூளாகப் படிவதையும் கண்ணாலேயே காணலாம். இவ்வட்டாரத்தில் டிராக்டருக்கும் மோட்டாருக்குமாக டீசலைக் கேனிலும் பேரலிலும் வாங்கி வைத்து, அதிலிருந்தே ஜீப்புக்கும் ஊற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பாதி காலியான பேரலினுள் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறிமாறி வரும்போது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாகி அடியில் சேர்கிறது என்பதால், பேரலின் அடிமட்ட டீசலை வண்டிக்கு ஊற்றாதிருப்பதே நல்லது. மலையேறும் வண்டிக்கு இன்னொரு குறிப்பும் தேவை. கால் டேங்குக்கும் குறைவாக டீசல் இருக்கையில், செங்குத்தான வளைவில் எரிபொருள் முழுவதும் டேங்கின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட, உறிஞ்சுகுழாயின் வாய் காற்றில் நிற்கும் நிலை ஏற்படலாம். அப்போது வண்டி நிற்பதற்கு எந்த உறுப்பின் பழுதும் காரணமன்று.

டேங்கிலிருந்து டீசலை எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தைப் பற்றி இவ்விடத்தில் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஒரு வாய் டீசலோ பெட்ரோலோ புரையேறி மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கடுமையாக அழற்சியுற்று உயிருக்கே ஆபத்து நேரலாம். அவ்வாறு நேர்ந்தவரை வாந்தி எடுக்கவைப்பது எரிபொருளை மீண்டும் நுரையீரல் பக்கம் அனுப்பும் செயலாதலால், அதைச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கையால் அழுத்தி இயக்கும் ரப்பர் பல்ப் வைத்த டியூப் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாத பட்டறை ஒன்றும் இருக்கக் கூடாது.

இனிக் காற்றுக்கு வரலாம். பழைய டீசல் ஜீப்புகளில் பம்பின் மீது சுமத்தப்படும் பழிகளுள் பெரும்பகுதி உண்மையில் காற்றுக்கு உரியது. ஃபீடு பம்ப் டீசலை இழுக்கிறது என்று சொல்லப்பட்டாலும், நடப்பது வேறு. பம்ப் தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. டேங்கிலுள்ள டீசலின் மேல் அழுந்தும் வளிமண்டலம் அதைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் இடைப்பட்ட குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாதலால், அங்கே ஒரு வெடிப்போ தளர்வோ இருந்தால் எஞ்சின் ஓடுகையில் டீசல் வெளியே சொட்டாது, காற்றே உள்ளே நுழையும். சொட்டு விழுந்த தடம் எதுவும் தரையில் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு செய்துவிடும் மெக்கானிக், நேரே பம்பின் மேல் ஐயம் கொள்கிறார். வளியழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிடும் கொடைக்கானல் போன்ற 2,100 மீட்டர் உயரத்தில், டீசலை மேலே தள்ளும் விசையும் அதற்கேற்பக் குன்றுவதால், கீழே ஒருவாறு சமாளித்து ஓடிய வண்டி மேலே சென்றதும் மூச்சுத் திணறுகிறது.

உள்ளே நுழைந்த காற்று உட்செலுத்து பம்பைச் செயலிழக்கச் செய்வதற்குக் காரணம், டீசல் அழுத்தினால் சுருங்குவது மிகக் குறைவு, காற்றோ எளிதில் சுருங்குகிறது என்பதே. பிளஞ்சர் மேலே வரும்போது காற்றுக்குமிழ் அமுங்கி விரிகிறதேயன்றி, நாசிலின் ஊசியைத் தூக்கும் அழுத்தம் உருவாவதில்லை. இதைக் கண்டறிய ஒரு முழ நீளமுள்ள, டீசலைத் தாங்கும் ஒளிபுகு டியூப் ஒன்றும் இரண்டு கிளிப்புகளும் போதும். டியூபை முதலில் ஃபில்டருக்கும் உட்செலுத்து பம்புக்கும் இடையில் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டால், பொருத்தும்போது புகுந்த குமிழ்கள் சில நிமிடங்களில் கழிந்துவிடும். அதன் பின்னும் நுண்குமிழ்கள் சரம்சரமாக ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்பது உறுதி. பிறகு அதே டியூபை ஃபீடு பம்புக்கு முன்னால் மாற்றிப் பொருத்த வேண்டும். அங்கேயும் குமிழ் தெரிந்தால் கசிவு டேங்க் பக்கம் இருக்கிறது. அங்கே டீசல் தெளிவாக வந்து பம்புக்குப் பின் மட்டும் குமிழ் தெரிந்தால், ஃபீடு பம்பின் நுழைவாய் இணைப்போ கைப்பிரைமரின் சீலோ காரணம். கைப்பிரைமர் என்பது எஞ்சின் ஓடாதபோது டீசலைக் கையால் ஏற்றுவதற்காக ஃபீடு பம்பின் தலையில் உள்ள திருகுப் பிடி. பயன்படுத்தியபின் அதைக் கீழே அழுத்தி முழுவதும் இறுக்காமல் விட்டுவிட்டால் அதன் வழியாகவே காற்று இழுக்கும் என்பது பலரும் மறந்துவிடும் ஒன்று.

கசிவு டேங்க் பக்கம் என்று தெரிந்தபின் அதன் இடத்தைக் காணும் எளிய வழி, உறிஞ்சும் பாதையைத் தள்ளும் பாதையாக மாற்றிப் பார்ப்பது. குழாயை டேங்கிலிருந்தும் ஃபீடு பம்பிலிருந்தும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, இணைப்புகள் மேல் சோப்புநுரை தடவினால், காற்று வெளியேறும் இடத்தில் நுரை பொங்கும். கம்ப்ரசர் காற்றை நேராக விடுவதும், டேங்கையே காற்றடித்து அழுத்துவதும் கூடாது. இச்சோதனையில் மீண்டும் மீண்டும் பிடிபடும் இடம் பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷராகும். நடுவே துளையிட்ட அந்த போல்ட் வழியாகத்தான் டீசல் செல்கிறது. அது நுழையும் குழாய்முனை வளையத்துக்கு மேலும் கீழுமாக அமரும் இரண்டு செம்பு வாஷர்கள் நசுங்கி மேற்பரப்போடு பொருந்துவதால் இணைப்பு அடைபடுகிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடுவதால் அதே வாஷரை மறுபடியும் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் சரியாக அமராது. மேலும் இறுக்குவதால் போல்ட்டின் மரைதான் போகும். புது வாஷர் போடுவதே முறை. அவசரத்துக்குப் பழையதைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இளக்கிக்கொள்ளலாம். வழியில் நின்ற வண்டிக்குச் சோப்பையோ எம்-சீலையோ அப்பி வீடு சேர்வதில் தவறில்லை. அதே ஒட்டோடு அடுத்த மலையேற்றத்துக்குக் கிளம்புவதுதான் தவறு.

காற்று இல்லை என்று உறுதியானபின் ஃபீடு பம்பைச் சோதிக்கலாம். ஃபில்டரின் மேலுள்ள காற்றெடுக்கும் திருகைத் தளர்த்திக் கைப்பிரைமரை அடித்தால் நுரையின்றித் திரண்டு டீசல் பொங்க வேண்டும்; பின்னர் ஃபீடு பம்பின் வெளிவாய்க் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு எஞ்சினைச் சுழற்றினால், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பீச்சு வீதம் வலுவாக விழ வேண்டும். கையால் அடிக்கையில் நன்றாக வந்து எஞ்சின் சுழலும்போது நலிந்து வந்தால், பம்பினுள் உள்ள வால்வுகளோ பிஸ்டனோ தேய்ந்திருக்கின்றன. அவை சிறிய செலவில் மாற்றக்கூடியவை, உட்செலுத்து பம்பைத் தொடாமலே சரிசெய்யக்கூடியவை.

இத்தனைக்கும் பிறகு ஐயம் எஞ்சியிருந்தால், அதைத் தீர்க்கும் நடுநிலையான சோதனை கேன் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனை எஞ்சினைவிட உயரமான இடத்தில் உறுதியாகக் கட்டி, அதிலிருந்து ஒரு டியூபைப் புது ஃபில்டர் வழியாக நேரே உட்செலுத்து பம்பின் வாய்க்குக் கொடுத்து, ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குத் திருப்பி, காற்றை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். டேங்க், சல்லடை, குழாய், ஃபீடு பம்ப் ஆகிய அனைத்தும் இப்போது பாதையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. பழைய குறை மறைந்து எஞ்சின் தடையின்றி ஓடினால் உட்செலுத்து பம்ப் குற்றமற்றது; குறை நீடித்தால் மட்டுமே அதன் மீது ஐயம் நியாயமாகிறது. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சோதனையைச் செய்யாமல் பம்பைக் கழற்றும் பட்டறையை எவ்வளவு அனுபவமுள்ள பட்டறையாயினும் ஏற்பதற்கில்லை.

ரோட்டரி பம்ப் உள்ள வண்டியில் கழற்றுவதற்கு முன் இன்னும் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பும்போது டீசல் வழியைத் திறந்துவிடும் சிறு மின்காந்த வால்வுக்கு 12 வோல்ட் மின்சாரம் வருகிறதா, வயரைத் தொட்டு எடுக்கையில் ‘டக்’ என்ற ஓசை எழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இன்லைன் பம்பில் இதே வேலையைச் செய்யும் ஸ்டாப் கேபிள், இழுத்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் சற்றே தளர்த்தி எதைத் தளர்த்தும்போது எஞ்சின் ஓட்டம் மாறவில்லை என்று பார்த்து, வேலை செய்யாத சிலிண்டரைக் கண்டறியும் பழைய முறை இவ்வண்டிகளுக்குப் பொருந்தும். கண்ணாடி அணிந்து, துணியால் மூடி, கையை விலக்கி வைத்துச் செய்ய வேண்டும். நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்; வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனடி அறுவைச் சிகிச்சை கிடைக்காவிடில் விரலையே இழக்க நேரும். பிற்காலத்து காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டுவதால் அவற்றில் இம்முறையை எக்காரணம் கொண்டும் கையாளக் கூடாது.

உட்செலுத்து பம்பே உண்மையில் பழுதுபடும் நிலைகளும் உண்டு. சூடேறினால் டீசலின் பாகுத்தன்மை குறைந்து நீர்த்துவிடுகிறது. தேய்ந்த ரோட்டரி பம்பின் இடைவெளிகள் வழியே அது நழுவிவிடுவதால், செல்ஃப் சுழற்றும் குறைந்த வேகத்தில் போதிய அழுத்தம் எழுவதில்லை. சூடான பம்பின் மேல் ஈரத்துணியைச் சற்று நேரம் போர்த்திக் குளிரவிட்டபின் எஞ்சின் கிளம்புமானால் அத்தேய்மானம் ஏறக்குறைய உறுதியாகிறது. குடத்துத் தண்ணீரைச் சூடான பம்பின் மேல் கொட்டுவது பலர் செய்யும் தவறு; நுண்ணிய இடைவெளியுடைய உறுப்புகள் சமமின்றிச் சுருங்கி இறுகிவிடக்கூடும். பம்பின் உடலிலும் ஆக்ஸிலரேட்டர் தண்டின் அடியிலும் டீசல் கசிவது ரப்பர் சீல்களின் முதுமையைக் காட்டுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. கந்தகத்தை நீக்கும் செயல்முறை டீசலின் இயல்பான உயவுத்தன்மையையும் குறைத்துவிடுவதால், சுத்திகரிப்பு நிலையங்கள் அதை ஈடுசெய்யும் சேர்மங்களைக் கலந்தே அனுப்புகின்றன. எனவே புதிய டீசல் பழைய பம்பைக் கெடுத்துவிட்டது என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் பல ஆண்டுகள் பழைய வகை டீசலில் ஊறிய சீல்கள், எரிபொருளின் தன்மை மாறுகையில் சுருங்கிக் கசிவது பிற நாடுகளிலும் கண்டறியப்பட்டதே. ஆகவே சீல் மாற்றுவதாயின் இன்றைய எரிபொருளுக்கு ஏற்ற ரப்பரைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெட்ரோல் ஜிப்சியின் நிலை வேறு. கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்சியில், எஞ்சினின் கேம் தண்டால் இயங்கும் டயஃப்ரம் பம்ப், அதாவது மெல்லிய சவ்வொன்று மேலும் கீழும் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப், ஒரு பாரில் கால்பங்கு அளவே அழுத்தம் தருகிறது. சவ்வு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கக்கூடும். ஆகவே ஆயில் அளவுக்கோலை உருவி முகர்ந்து பார்ப்பதும், ஆயில் மட்டம் காரணமின்றி உயர்ந்துள்ளதா என்று பார்ப்பதும் முதல் வேலை, பெட்ரோல் கலந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டுவது தீவிபத்துக்கும் பேரிங் சேதத்துக்கும் வழிவகுக்கும். சித்திரை வெயிலில் மலையேறுகையில் குழாயினுள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவதும் இவ்வண்டிக்கு உரிய குறை. உயரம் கூடக்கூடக் கொதிநிலை தாழ்வதால் அது மேலும் எளிதாகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது, அதற்கென உருவாக்கப்படாத பழைய ரப்பரையும் சவ்வையும் தாக்கக்கூடியது. ஆதலால் பழைய ஜிப்சியின் ஹோஸ்களைப் பழுது வரும்வரை காத்திராமல் மாற்றிவிடுவதே அறிவுடைமை. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை உட்செலுத்தும் எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சியில் டேங்கினுள் இருக்கும் மின்பம்ப் ஓடவில்லை என்றால், அதன் முனையிலேயே மின்னழுத்தத்தை அளந்து, ரிலேயையும் எர்த் இணைப்பையும் பார்த்தபின்தான் புதுப் பம்ப் வாங்க வேண்டும்.

இவையெல்லாம் தெரியாதவர்கள் அல்லர் இவ்வட்டாரத்து மெக்கானிக்குகள். அவர்களுள் பலர் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லும் திறம் படைத்தவர்கள். அவ்வாறிருந்தும் பம்ப் முதலில் கழற்றப்படுவதற்குக் காரணம் அறியாமையைவிடக் கூலி முறையிலேயே மிகுதியும் உள்ளது. ஒரு மணி நேரம் செலவிட்டு ஒரு தளர்ந்த கிளிப்பைக் கண்டுபிடித்து இறுக்கித் தரும் மெக்கானிக்குக் கிளிப்பின் விலையோடு டீச்செலவுக்குச் சில்லறை கொடுக்கும் உரிமையாளர், பம்பைக் கழற்றி மாட்டியவருக்கு மறுபேச்சின்றி ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறார். கண்டுபிடித்த அறிவுக்குக் கூலி இல்லை, கழற்றிய உழைப்புக்கு மட்டுமே கூலி என்ற நிலை நீடிக்கும்வரை, கழற்றுவதே தொழிலாக இருக்கும். தேசிய அளவில் ஓராண்டுப் பாடமாக நடத்தப்படும் ‘மெக்கானிக் டீசல்’ பயிற்சியில் படித்து வெளிவரும் இளைஞர்கள், கற்ற சோதனை முறைகளைப் பட்டறையில் ஓரிரு மாதங்களிலேயே கைவிட்டுவிடுவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே உரிமையாளர்கள் இரண்டு செய்ய வேண்டும்: குறை எப்போது, எந்த ஏற்றத்தில், எவ்வளவு டீசல் இருக்கையில், எவ்வளவு நேரம் ஓடியபின் தோன்றியது என்பதைத் தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும், பாகம் எதுவும் மாற்றப்படாவிட்டாலும் சோதனைக்கென்று தனிக்கூலி தர முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்கானிக்குகள் ஒளிபுகு டியூப், ரப்பர் பல்ப், ஐந்து லிட்டர் கேன், புதுக் காப்பர் வாஷர்கள் ஆகியவற்றைப் பட்டறையில் எப்போதும் வைத்திருந்து, கேன் சோதனையின் முடிவைப் பில்லில் ஒரு வரியாக எழுதித் தர வேண்டும். பம்ப் டெஸ்ட் பெஞ்சுக்குப் போக நேர்ந்தால், டைமிங் குறியிட்டுக் கழற்றி, திறந்த வாய்கள் அனைத்தையும் மூடி அனுப்புவதோடு, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் வந்தது என்ற அளவுத்தாளையும் மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த முறை வண்டி நிற்கும்போது, கேன் சோதனை முடியும்வரை பம்பின் நட்டில் ஸ்பானர் வைக்க உரிமையாளர் இசையவும் வேண்டாம், மெக்கானிக் இணங்கவும் வேண்டாம்.